ஹெல்மெட் போடாமல் தோற்றவன்

சைக்கிள் பந்தயத்துக்காக போலீஸ் சாலையை மறித்திருந்ததால், முசஃபா தொழிற்பேட்டைக்குப் போகும் எங்கள் பஸ் நின்றிருந்தது. எனக்கு முன் இருக்கையில் வேலைக்குப் போகும் இருவர். இளையவர் சொன்னார்:

“ஹெல்மெட் போடாம ஒருத்தன் எட்டு செகண்டு வித்தியாசத்துல தோத்தான்ணே.”

“எங்க?”

“பிரான்ஸ்ல, அந்தக் காலத்துல. மூணு வாரம் மிதிச்சு, கடைசி நாள் வரைக்கும் அவன்தான் முன்னாடி. எங்க சேஃப்டி ஆபீசர் தினம் காலையில இதத்தான் சொல்லுவாரு.”

“கீழ விழுந்துட்டானா?”

“இல்லண்ணே. முடி காத்துல பறந்து வேகம் கொறஞ்சிருச்சாம். ஜெயிச்சவன் ஹெல்மெட் போட்டிருந்தான்.”

“அது காத்துக்குப் போடுறது. நம்மளது தலையில எதுவும் விழுந்தா தாங்குறதுக்கு. அந்தாளு உங்கள நல்லா ஏமாத்தியிருக்கான்.”

“எனக்கென்னண்ணே தெரியும்? வெயில்ல கழட்டலாம்னு கை போகும்போதெல்லாம் அந்த எட்டு செகண்டு ஞாபகம் வந்துரும்.”

பையிலிருந்து பழைய ஹெல்மெட் ஒன்றை எடுத்துக் காட்டினார். உச்சியில் நீளமாக ஒரு விரிசல்.

“போன வாரம் மேலேருந்து ஸ்பேனர் விழுந்துச்சு. புதுசு குடுத்துட்டாங்க. இதத் தூக்கிப்போட மனசு வரல.”

மூத்தவர் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

“அந்தத் தோத்தவன் பேரு என்னப்பா?”