நாலு கதவும் ஒரு சம்மதமும்

காருக்குள் ஏசி இல்லாமல் ஒருவரை உட்கார வைப்பது எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு யாரும் என்னைக் கொடுமைக்காரன் என்று சொல்லிவிடக் கூடாது.

என் பெயர் சின்னண்ணன். நாமகிரிப்பேட்டையை ஒட்டித்தான் தோட்டம். மஞ்சளும் மரவள்ளியும் போடுகிறேன், கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, யாரோடும் வம்பு வழக்கு கிடையாது. மனைவி வள்ளியாத்தாள். ஒரே மகன் சந்தோஷ்குமார், தோட்டத்தை அவன்தான் பார்க்கிறான். வயது முப்பத்தாறு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நேற்று நடந்ததற்கெல்லாம் காரணம் இதுதான், இதற்கு மேல் நான் சொல்லப்போவது விளக்கம் மட்டுமே.

எங்கள் பக்கத்தில் பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளையின் பெயரில் தோட்டம் இருக்க வேண்டும், ஆனால் மாப்பிள்ளை தோட்டத்தில் இருக்கக் கூடாது. பெங்களூரில் இருக்க வேண்டும். இருந்தாலும் வருவார்கள். வள்ளியாத்தாள் சுட்டுப்போடும் பலகாரத்தைச் சாப்பிடுவார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், தென்னையை அண்ணாந்து பார்ப்பார்கள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொல்வார்கள்.

"ஊட்டுக்குப் போயித் தகவல் சொல்றமுங்க."

வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்வது எங்கள் வழக்கத்தில் இல்லை. இப்படித்தான் சொல்வோம். சொன்னவர்களில் ஒருவர்கூடப் பிறகு போன் செய்ததில்லை. நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன், எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். கோளாறு அவர்களிடம் இல்லை, அவர்கள் வீட்டுக்குப் போவதில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. போனால்தானே தகவல் வராமல் போகிறது.

அந்தச் சமயத்தில்தான் காருக்கு அலாரம் போடலாம் என்று சேலம் போனேன். வண்டி பழையது, கம்பெனியிலிருந்து வந்தபோது ஒரு வசதியும் கிடையாது. கடையில் அறிவு என்று ஒரு தம்பி, பொறுமையாக எடுத்துச் சொன்னான். வண்டி நகர்ந்ததும் நாலு கதவும் தானாகப் பூட்டிக்கொள்ளும். வண்டியை அணைத்தால் தானாகத் திறக்கும். ரிமோட்டை ஒரு தட்டு தட்டினால் ஓட்டுபவர் கதவு மட்டும், இரண்டு தட்டு தட்டினால் எல்லாக் கதவும். பூட்டிய பிறகு உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்தால் சைரன் அலறும். வெளியே நின்றபடியே ரிமோட்டில் எஞ்சினை ஓடவிட்டு ஏசியும் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கடைசி வசதி என் மனதைத் தொட்டுவிட்டது, ஐயா. கண்டுபிடித்தவன் நல்லா இருக்க வேண்டும்.

வண்டியை அணைத்ததும் தானாகத் திறப்பது மட்டும் வேண்டாம் என்றேன். பின்கதவில் குழந்தைப் பூட்டு இருக்கிறதே, அதையும் போட்டுவிடச் சொன்னேன். பின்பக்கக் கண்ணாடியை இறக்கும் பொத்தான் வேலை செய்யாமல் இருந்தால் தேவலாம் என்றேன்.

"ஏனுங்க, ஊட்டுல சின்னப் பசங்க இருக்குதுங்களா?"

"இல்லப்பா. பெரியவங்களத்தான் கூட்டிக்கிட்டுப் போவேன்."

அவன் சிரித்துக்கொண்டே மாட்டிக் கொடுத்தான். சைரனில் பல தினுசு இருந்தது. எல்லாவற்றையும் அலறவிட்டுக் காட்டினான், பக்கத்து டீக்கடைக்காரர் வந்து சண்டை பிடித்தார். நான் ஆம்புலன்ஸ் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தேன், மரியாதையாக இருந்தது. ரிமோட் இரண்டு கொடுத்தான்.

முதலில் வள்ளியாத்தாளை வைத்துத்தான் சரிபார்த்தேன். கட்டினவளிடம் சோதித்துப் பார்க்காத பொருளை வெளியார் மேல் பிரயோகிப்பது முறையல்ல. சந்தையில் நிறுத்தி, பின்சீட்டில் அவளை வைத்துப் பூட்டிவிட்டு டீ குடித்தேன். கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். திறந்ததும், "ஏனுங்க, உங்களுக்கென்ன கிறுக்குப் புடிச்சுப் போச்சா?" என்றாள். ஏசி எப்படி இருந்தது என்று கேட்டேன். அன்று எனக்குச் சோறு போடவில்லை. ஆனால் வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது.

அடுத்தது கல்யாணத் தரகர். புது ஜாதகம் எதுவும் இல்லை என்று வெகுநாளாகக் கையை விரித்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் கொஞ்ச நேரம் இருந்ததும் நாலு ஜாதகம் ஞாபகத்துக்கு வந்தது. அதில் ஒன்று வாழப்பாடிக்காரர் ஒருவரின் மகளுடையது. அவரைத் தோட்டம் காட்டக் கூட்டிப்போனேன், ஒரு மணி நேரத்தில் சம்மதம் சொன்னார், மறுநாள் காலை போனில் இல்லை என்றுவிட்டார். அதிலிருந்து நான் ஒன்று கற்றுக்கொண்டேன். சம்மதத்தை வாங்கினால் மட்டும் போதாது, அவர் வாயாலேயே நாலு சொந்தக்காரர்களுக்கு ஸ்பீக்கரில் போட்டுச் சொல்ல வைக்க வேண்டும். பிறகு பேச்சை மாற்ற மானம் இடம் கொடுக்காது.

இப்படி நான் பக்குவப்பட்ட பிறகுதான் ஆட்டையாம்பட்டி முருகானந்தம் வந்தார். அவர் மகள் தமிழினிக்கு மருந்துக்கடையில் வேலை. சந்தோஷும் அந்தப் பெண்ணும் முன்பே போனில் பேசிக்கொண்டிருந்தார்களாம், எனக்குத் தெரியாது. அவன் சிரித்து நான் பார்த்தே வருஷக்கணக்காகிறது. நேற்று அந்தப் பெண் வீட்டுக்குள் வந்ததும் சிரித்தான். இதையும் விட்டால் இந்தப் பையன் முகத்தில் சிரிப்பு என்பதே இருக்காது என்று பயந்துபோனேன். அந்தப் பயம் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காபி ஆனதும், பெண்டுகளை வீட்டில் விட்டுவிட்டு முருகானந்தத்தைத் தோட்டம் காட்டப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டேன். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், புளியமர நிழலில் நிறுத்தினேன். என்ன முடிவு என்று பதமாகக் கேட்டேன்.

"கொஞ்ச நேரம் பொறுத்துச் சொல்றனுங்க," என்றார்.

நான் இறங்கி ரிமோட்டை அழுத்தினேன். ஏசியைப் போட்டேன். மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து அவருக்குப் போன் செய்தேன், கண்ணாடி வழியாகக் கத்திப் பேசுவது மரியாதை இல்லையே.

"ஏனுங்க, கதவத் தொறந்து உடுங்க."

"சொல்லிப்போட்டீங்கன்னா தொறந்துருவனுங்க."

"இப்ப ராகு காலமுங்க. இது போகட்டும், ஊட்டுல எல்லார் முன்னாடியும் சொல்றனுங்க. ராகு காலத்துல நல்ல வார்த்தை சொல்லப்படாதுங்க."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ சாக்குக் கேட்டிருக்கிறேன். ராகு காலத்தைச் சாக்காகச் சொன்ன முதல் ஆள் இவர்தான். படித்த ஊர்க்காரர், புதுசாக யோசித்திருக்கிறார் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அவர் கைப்பிடியை இழுத்தார். சைரன் அலறியது. பக்கத்துத் தோட்டத்தில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டு நின்றார்கள். அவர் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

கடைசியில் சம்மதம் என்றார். குரல் கொஞ்சம் அழுகிற மாதிரி இருந்தது. பெண்ணைக் கொடுக்கிற அப்பனுக்கு அது வருவதுதான். ஸ்பீக்கரில் போட்டு அவர் அண்ணனுக்குச் சொன்னார், மச்சானுக்குச் சொன்னார். கடைசியாகத் தமிழினிக்குச் சொன்னார். அந்தப் பெண் கேட்டதை நானும் கேட்டேன்.

"ஏப்பா, காத்தாலயே முடிவு பண்ணுனதுதானே? ராகு காலம் போகட்டும், நானே சொல்றேன்னீங்க. அதுக்குள்ள ஏப்பா சொன்னீங்க?"

நான் உடனே இரண்டு தட்டு தட்டி எல்லாக் கதவையும் திறந்துவிட்டேன். முருகானந்தம் இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகத்தான் பேசினார். பூட்டி வைத்ததைக்கூட மன்னித்துவிடுவாராம், வயசுப் பையனைப் பெற்றவன் பாடு அவருக்கும் தெரியுமாம். ஆனால் ராகு காலத்தில் வாய்விட்டுச் சொன்ன சம்மதத்தில் மகளைக் கொடுக்க மாட்டாராம். அத்தோடு நிற்கவில்லை. வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஊட்டுக்குப் போயித் தகவல் சொல்றமுங்க" என்றார்.

புகார் கொடுத்தது அவரில்லை, என் மகன் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. "இந்த மனுசன் இருக்கற ஊட்டுக்கு அந்தப் புள்ளையக் கூட்டிக்கிட்டு வரமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறானாம். அப்பன் அவனுக்காக எவ்வளவு யோசித்து ஒவ்வொரு வசதியாகத் தேர்ந்தெடுத்தான் என்பது அவனுக்குப் புரியவில்லை. பிள்ளைகளுக்குப் பின்னால்தான் புரியும்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், ஐயா. வள்ளியாத்தாளைப் பூட்டியது நான்தான். தரகரை, வாழப்பாடிக்காரரை, முருகானந்தத்தைப் பூட்டியதும் நான்தான். யாரும் தூண்டவில்லை. கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

இன்னும் ஒன்று. காலையில் வண்டியை இங்கே கொண்டுவந்ததும் நீங்கள் சாவியையும் ரிமோட்டையும் வாங்கி மேசைமேல் வைத்தீர்கள். எங்கே உட்கார்ந்திருந்தார் என்று காட்டச் சொல்லி, விசாரணைக்கு வரவழைத்த முருகானந்தத்தைப் பின்சீட்டில் ஏற்றினீர்கள். விவரம் சொல்ல சந்தோஷும் பக்கத்தில் ஏறிக்கொண்டான். ஏட்டையா கதவைச் சாத்திவிட்டு டீ சொல்லப் போனார். அறிவு இரண்டு ரிமோட் கொடுத்ததை நான் அப்போதே சொன்னேன், நீங்கள் கவனிக்கவில்லை. இன்னொன்று என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஆமாம், வெளியே கேட்பது ஆம்புலன்ஸ் இல்லை. பதற வேண்டாம், உட்காருங்கள். திங்கட்கிழமை ராகு காலம் ஒன்பது மணியோடு முடிந்துவிட்டது, ஏசியும் ஓடுகிறது. மாமனாரும் மருமகனும் மனம்விட்டுப் பேசட்டும். யாரையும் கட்டாயப்படுத்துவது என் சுபாவத்திலேயே கிடையாது.