ஐந்தாவதாக வந்தவள்

சாட்சியின் பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன. வயது முப்பத்தாறு. பள்ளி உடற்பயிற்சி ஆசிரியை. ஸ்டீப்பிள்சேஸ் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றவர். விசாரணையில் கூறியதாவது:

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த இறுதிப் போட்டியில், மூவாயிரம் மீட்டர் தூரம் தடைக்கட்டைகளையும் தண்ணீர்ப் பள்ளத்தையும் தாண்டி ஓடி நான்காவதாக வந்தேன். என் அணியைச் சேர்ந்த ஒருத்தி மூன்றாவது. எங்கள் அறைத்தோழி கொக்கு ஐந்தாவது. கால் நீளம் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். முதல் மூன்று பேரை மட்டும் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். பத்திரப்படுத்திய மாதிரியைச் சென்ற ஆண்டு மறுபடி சோதித்ததில் மூன்றாவதாக வந்தவள் ஊக்கமருந்து எடுத்தது தெரிந்து, அவளுடைய பதக்கம் பறிக்கப்பட்டு எனக்கு வந்தது. அதன் பிறகு பள்ளி மண்டபத்தில் விழா வைத்தார்கள். கொக்கு இரண்டு பஸ் மாறி வந்து, "இப்பவாவது வந்துச்சேடி! எனக்கே கெடைச்ச மாதிரி இருக்கு" என்று கட்டிப்பிடித்தாள்.

மூன்றாவதாக வந்தவளுக்கு அணியின் மசாஜ்காரர் ஊசி போட்டதைப் பார்த்தேனா என்று அதிகாரி கேட்டார். பார்த்தேன். அதே அறையில், அடுத்த கட்டிலில், எனக்கும் போட்டார். சத்து ஊசி என்றார். நம்பினேன் என்றால் அது பாதிப் பொய். சத்து ஊசிக்குக் கதவை எதற்குத் தாழிடுகிறார் என்று யோசிக்காமலிருக்க நான் ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. கொக்கு மட்டும், "ஐயையோ, ஊசியப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும், ஆள விடுங்க" என்று வெளியே ஓடிவிட்டாள். பயந்தாங்கொள்ளி என்று வாரம் முழுக்க அவளைக் கேலி செய்தோம்.

அதன் பிறகு அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "உங்களப் பத்தி யாரும் கேக்கலையேம்மா" என்றார். இன்று காலை என் கணவரும், "வாயத் தொறந்தே, பதக்கத்தோட வேலையும் போயிடும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். பதக்கம் வந்த பிறகுதான் என் வேலையை நிரந்தரமாக்கினார்கள். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பதக்கத்தைப் பெட்டியோடு மேசைமேல் வைத்திருக்கிறேன். கொக்குவிடம் சேர்த்துவிட வேண்டும்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு வரியைத் தவிர. மேலே என்னைப் பதக்கம் பெற்றவர் என்று குறித்திருப்பதை அடிக்கச் சொன்னேன். அங்கே எத்தனையாவது இடம் என்று எழுதட்டும் என அதிகாரி கேட்டார். ஊசி இல்லாமல் ஓடியிருந்தால் எத்தனையாவதாக வந்திருப்பேன் என்பது எனக்கே தெரியாததால், அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்லிக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)