ஒத்தச் செவுத்துக் கொட்டாய்

சாவி எங்கயும் ஓடிப் போவாதுப்பா, இதோ என் இடுப்புலதான் இருக்குது. நீ மொதல்ல டீயக் குடி. ஊத்தங்கரையில மொத பஸ்ஸு ஏறினன்னு சொல்ற, வயித்துல என்ன இருக்கப் போவுது. அந்தப் பஞ்சு மூட்டை, போர்டு, தகரச் சட்டம் எல்லாம் வாச கேட்டு பக்கத்துலயே கெடக்கட்டும். எவனும் தூக்கிக்கிட்டுப் போயி தலைக்கு வெச்சிப் படுக்க மாட்டான். பேரு என்ன சொன்ன? முனிவேலு. நான் நாராயணப்பன். அய்யய்யோ, அந்தச் சேர்ல உக்காராத. செவுத்த ஒட்டிப் போட்டிருக்குதே, அது எங்க மங்கம்மாவோடது. ஒரு விரக்கடை நவுந்தாலும் கண்டுபுடிச்சிடுவா. இந்த ஸ்டூல்ல உக்காரு.

ஜெகதீசு மூணரைக்குத்தான் வருவான், ஃபர்ஸ்ட் ஷிப்டு. அவன் சம்சாரம் சுப்ரியா டீச்சரு, அதுவும் ஸ்கூலுக்குப் போயிடுச்சி. அவங்க வூட்டுச் சாவி எப்பவும் எங்கிட்டதான் இருக்கும். பக்கத்து வூட்டுப் பெரியவரு யோக்கியன்னு நம்பிக் குடுத்திருக்கறாங்க. நம்பறது அவங்க இஷ்டம்.

நீ எந்தச் செவுத்த அடைக்க வந்திருக்கறன்னு எனக்குத் தெரியாதா. இதோ இதுதான். இந்தப் பக்கம் எங்க வூட்டு ஹாலு, அந்தப் பக்கம் அவன் கட்டி வெச்சிருக்கற தேட்டரு. ரெண்டு வூட்டுக்கும் ஒத்தச் செவுரு. இதெல்லாம் எங்க நெலம்ப்பா. கம்பெனிங்க வந்தப்புறம் மனை போட்டாச்சி. கடைசி மனைய ரெண்டா வகுந்து பாதிய அவனுக்குக் குடுத்தன். ஆளுக்கொரு செவுரு எழுப்புனா எடம் வீணாப் போவுதேன்னு, ஒண்ணா எழுப்பிக்கலாம்டான்னு சொன்னதே நான்தான். விருதுநகர் பக்கத்துல இருந்து பொழைக்க வந்த பையன், எனக்கு மவன் மாதிரி. இப்பவும் மாதிரிதான். ஏன், மவன் மேல பொறாமை வரக்கூடாதா?

ஆமாப்பா, பொறாமைதான். அத வேற பேரு சொல்லி எதுக்கு மறைக்கணும்.

நீ அந்த ரூம இன்னும் பாக்கலையே. போட்டோவுல பாத்தது வேற. அவன் அப்பா அம்மா வந்தா தங்கறதுக்குன்னு கட்டுன ரூமு அது. போன்ல வீடியோ பாத்துப் பாத்து, லீவு நாளெல்லாம் அவனே ஒத்தையா நின்னு செஞ்சான். ஜன்னல செங்கல் வெச்சி அடைச்சான். நாலு பக்கமும் கருப்பு பெயிண்டு, கரிச்சட்டிக்குள்ள பூந்த மாதிரி இருக்கும். பிளைவுட்ட அவனே அறுத்து, அவனே பசை தடவி, ஸ்பீக்கர் பொட்டி அஞ்சு செஞ்சான். ஆறாவதா ஒரு குண்டுப் பொட்டி, அது தனி. புரொஜெக்டர மேல வௌவாலு மாதிரி தலைகீழாத் தொங்க வுட்டிருக்கறான். ஜூஜுவாடிகிட்ட பஸ்ஸு ஒடைக்கற எடத்துக்குப் போயி சொகுசு பஸ் சீட்டு ரெண்டு தூக்கியாந்து, கழுவி, புதுசா உறை போட்டு வெச்சிருக்கறான். தெருவே வந்து பாத்துட்டுப் போச்சி. அது வரைக்கும் பொழுது சாய்ஞ்சா இந்தத் தெரு ஆளுங்க எங்க உக்காருவாங்க தெரியுமா? என் வாசப்படியில. என் வாயப் பாத்துக்கிட்டு.

மொத நாளு அந்தக் குண்டுப் பொட்டிய ஓட்டிப் பாத்தான் பாரு. நாகரசம்பட்டியில என் மச்சினன் கிருஷ்ணப்பன் தோப்புல ஒரு மரத்து மாங்கா மொத்தமும் உதுந்து போச்சி. அங்க என்னத்தடா வெடிச்சீங்கன்னு போன் பண்ணிக் கேட்டான். சிரிக்கற. சரி, நாகரசம்பட்டி கொஞ்சம் தூரம்தான். பின்னாடித் தெரு மாமரம்னு வெச்சிக்க. சரிப்பா, மாங்கா வேண்டாம், பல்லி. இதோ இந்த எடத்துல ஒரு பல்லி மல்லாந்து வுழுந்துச்சி, அது சத்தியம். வுழுந்த பல்லி எழுந்து என்ன ஒரு பார்வை பாத்துது, இந்த வூட்டுல இனிமே எவன் இருப்பான்னு கேக்கற மாதிரி.

ஏன் அவ்ளோ அதிர்ந்துச்சின்னு உனக்கே தெரியும். போல்ட்டு போட்டோவ அனுப்புனப்ப நீ சிரிச்சியாமே, அவனே சொன்னான். அவன் வேலை அப்படி. ஃபேக்டரியில மெஷின எறக்கி, தரையில போல்ட்டு போட்டு, ஆடாம அசையாம நிக்க வெக்கற வேலை. ஆடற சாமானு எது கண்ணுல பட்டாலும் போல்ட்டு முடுக்கணும் அவனுக்கு. பொட்டிங்கள ஸ்டாண்டு மேல வெச்சிருந்தா ஒண்ணுமில்ல. இவன் ஒத்தச் செவுத்தத் தொளச்சி, பொட்டிக்கு நாலு போல்ட்டுன்னு போட்டு, பெரிய ஸ்பேனரால மெஷினுக்கு முடுக்கற மாதிரி முடுக்கிட்டான். அப்புறம் பொட்டி எங்க பேசுது? செவுருதான் பேசுது. அவன் தேட்டருல படம் ஓடுனா, சத்தம் எங்க ஹாலுக்குதான் மொதல்ல வருது.

இருப்பா, எழுந்திரிக்காத. இன்னும் பாதி டீ இருக்குது. கொஞ்சம் மெதுவாப் பேசு. மங்கம்மா பின்னாடி உக்காந்து கீரை ஆய்ஞ்சிக்கிட்டு இருக்கறா. கண்ணுதான் தெரியாது, காது பாம்புக் காது.

சக்கரைதான். எட்டு வருசமாச்சி. ஒரு ஆபரேசன் பண்ணாங்க, அதுல வந்த பார்வையும் நிக்கல. அன்னையில இருந்து அவளுக்கு டி.வி. நான்தான். எதுக்க உக்காந்து, யாரு வரா, யாரு போறா, எவ எந்தச் சேலை கட்டியிருக்கறான்னு சொல்லிக்கிட்டே வருவன். உள்ளத உள்ளபடி சொன்னா நல்லாவா இருக்கும்? சீரியல்ல மாமியாக்காரி ஒரு வாரமா சோபாவுலயே உக்காந்திருப்பா. நான் அவளத் தூக்கிக் கெணத்துல போட்டுடுவன். மங்கம்மா வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிப்பா. மறுநாளு அதே மாமியா வந்து பேசுவா, தப்பிச்சி ஏறி வந்துட்டான்னு சொல்லுவன். எவ்ளோ ஆழம்னு கேப்பா. அதுக்கும் ஒரு கணக்கு சொல்லுவன். டி.வி. சத்தத்த கொறைச்சி வெச்சிட்டு என் வாயக் கேட்டவப்பா அவ.

அந்த ஆபரேசன் அப்ப டி.வி.யில ஒரு படம் போட்டான். கடைசியில தங்கச்சிக்காக அண்ணன் செத்துப் போவான். அழுவக் கூடாது, கண்ணுல தண்ணி வரக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருந்தாரு. நான் என்ன பண்ணுவன்? டி.வி. சத்தத்த சுத்தமா நிறுத்திட்டு, அண்ணன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போயி, பொழைக்க வெச்சி, தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி, பந்தியில அவனையே சாம்பாரு ஊத்த வெச்சிட்டன். எட்டு வருசமா எனக்கும் அதுதான் நெசம்.

போன மார்கழியில ஜெகதீசு அதே படத்தப் போட்டான்.

இவ சேர இழுத்து செவுத்தோரம் போட்டு, காத வெச்சி உக்காந்துட்டா. நான் வாயத் தொறந்தன், கைய நீட்டி நிறுத்திட்டா. சும்மா இருங்க, அங்க பேசறாங்கன்னா. அவ எங்கிட்ட சும்மா இருங்கன்னு சொன்னது அன்னைக்கிதான். கடைசியில அந்தத் தங்கச்சி அண்ணன் மேல வுழுந்து அழுவுது. செவுரே அழுவற மாதிரி இருக்குது. படம் முடிஞ்சிது. அப்புறம் கேட்டா. அவன் செத்துட்டானா?

படத்த மாத்திட்டாங்க போலன்னு சொன்னன்.

அவ கோவப்படல. மெதுவா கேட்டா, அப்ப எட்டு வருசமா நீங்க சொன்னதுல எது நெசம்னு.

நீயே சொல்லுப்பா, அதுக்கு என்ன பதில் சொல்றது. தெருவுல நான் வுடற கதைய தெருவே சிரிச்சிட்டுப் போவும், பொய்யின்னு தெரிஞ்சேதான் உக்காந்து கேக்கும். இவ அப்படி இல்லையே. இவளுக்கு நான் சொன்னாத்தான் விடியும், நான் சொன்னாத்தான் பொழுது சாயும்.

அதுல இருந்து தெனமும் செவுருதான். சாயங்காலமானா மூஞ்சி கழுவி, பூ வெச்சி, அந்தச் சேர்ல உக்காந்துக்குவா. பூ வெச்சிக்கிட்டுப்பா, ஒரு செவுத்துக்கு. நான் கட்டில்ல உக்காந்து அவ முதுகப் பாத்துக்கிட்டு இருப்பன். ஒரு பொட்டி, ஒரு போல்ட்டு, அதுக்கிட்ட தோத்துட்டன். தமிழ்ப் படம் போட்டான்னா நான் வேண்டாம். தெலுங்கு போட்டான்னா சுத்தமா வேண்டாம், எங்க வூட்டுப் பேச்சே தெலுங்குதான். இங்கிலீசு படம் போட்டான்னாத்தான் எனக்கு மரியாதை. அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது. என்னங்க சொல்றான்னு என் பக்கம் திரும்புவா. எனக்கும் புரியாது. ஆனா நான் எப்ப அதுக்கெல்லாம் கவலைப்பட்டன். வெள்ளக்காரன் ரெண்டு பேரு கத்துனா, சூளகிரியில வாங்குன எருமை பால் கறக்கலைன்னு சண்டைன்னு சொல்லுவன். அவளுக்கு அது பொய்யின்னு தெரியும், இப்பல்லாம் தெரிஞ்சே சிரிக்கறா. ஆனா அவன் இங்கிலீசு படம் மாசத்துக்கு ஒண்ணுதான் போடறான். அத வெச்சி நான் எப்படிப் பொழைக்கறது?

படம் பாக்க எங்களயும் கூப்புட்டானே. கூப்புடாம என்ன. ரூமு முடிஞ்ச வாரமே அவனும் அந்தப் பொண்ணும் வந்து, ஆயாவையும் கூட்டிக்கிட்டு வாங்கன்னு கூப்புட்டாங்க. கண்ணு தெரியாதவளுக்கு எதுக்குப்பா தேட்டருன்னு சொல்லி அனுப்பிட்டன். அவகிட்ட கேக்கல. அவங்க வந்து கூப்புட்டதயும் சொல்லல.

அப்படிப் பாக்காத. டீயக் குடி.

அப்புறம்தான் அந்த மொட்டைக் கடுதாசி. எங்க லேஅவுட்டு நலச் சங்கத்துப் புகார்ப் பொட்டியில யாரோ போட்டுட்டாங்க. ஜெகதீசு வூட்டு சத்தத்துல கொழந்தைங்க படிக்க முடியல, வயசானவங்க தூங்க முடியலன்னு. சங்கத்துல அவனக் கூப்புட்டு சொல்லியிருக்கறாங்க. பையன் மூஞ்சி செத்துப் போச்சி. அன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்திட்டான். அதோட வுட்டானா? நேரா இங்க வந்தான், கையில மாம்பழத்தோட. தாத்தா, செவுரு ஒட்டி இருக்கறது நீங்கதான், எங்கள வுட உங்களுக்குத்தான் தொந்தரவு, இவ்ளோ நாளு ஒரு வார்த்தை சொல்லாம பொறுத்துக்கிட்டீங்களேன்னு சொல்லிட்டு என் காலத் தொடறான். போல்ட்டெல்லாம் எடுத்துட்டு, செவுரு பூரா பஞ்சு வெச்சி அடைச்சிடறன், ஒரு பொட்டு சத்தம் உங்களுக்கு வராது, முனிவேலுன்னு ஒரு ஆளு இருக்கறாருன்னான். நல்லதுப்பான்னு சொன்னன். வேற என்ன சொல்ல முடியும், வாயில மாம்பழம்.

இதோட மூணு வாரமாச்சி. அங்க ஒரு சத்தமில்ல. நான் ஜெயிச்சிட்டன்னுதான் நெனச்சன். தொண்டையக் கனைச்சிக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சன், மாமியா, கெணறு எல்லாம். கேக்கறா. சொல்லுங்கன்னு சொல்றா. ஆனா அந்த ம் கொட்டறதுல தெரியாதா? ம் எனக்கு, காது செவுத்துக்கு. ஒரு கைய செவுத்து மேல வெச்சிக்கிட்டே உக்காந்திருக்கறா, கொழந்தைக்கு ஜுரம் பாக்கற மாதிரி. நேத்து கேட்டா, அந்த வூட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா, ஏன் பேசவே மாட்டேங்கறாங்கன்னு.

நேத்து மத்தியானம் இந்தச் சாவியப் போட்டுத் தொறந்து அந்த ரூமுக்குள்ள போனன். ஆமா, சொல்லாமத்தான் போனன். பஸ் சீட்டுல உக்காந்தன். அது சாய்ஞ்சிக்கிச்சி, நான் எழுந்து வர ஒண்ணரை மணி நேரமாச்சி. சரி, அஞ்சு நிமிசம். அப்புறம் செவுத்துகிட்ட போயி, இவ சேரு இந்த எடமாத்தான் இருக்கும்னு கணக்குப் பண்ணி, விரல மடக்கி ரெண்டு தட்டு தட்டினன்.

இந்தப் பக்கத்துல இருந்து ரெண்டு தட்டு வந்துச்சி.

நான் அப்படியே நின்னுட்டன். இருட்டு ரூமு, கருப்பு செவுரு. மறுபடி ஒண்ணு தட்டினன், அவளும் ஒண்ணு தட்டினா. வூட்டுக்கு வந்தா மூஞ்சியெல்லாம் சிரிப்பு. செவுரு இன்னைக்கி என்னக் கூப்புட்டுதுங்கன்னு சொல்றா. அட போடி, பல்லியா இருக்கும்னு சொன்னன்.

அதான் உன்ன உக்கார வெச்சிப் பேசிக்கிட்டு இருக்கறன். வந்த வேலையப் பண்ணு, வேண்டான்னு சொல்லல. சட்டம் அடி, பஞ்சு வை, போர்டு போடு. எல்லா போல்ட்டையும் கழட்டு. ஓரத்துப் பொட்டிக்குக் கீழ்ப்பக்கம் ஒரு போல்ட்டு, அதுல சாக்பீஸால மார்க்கு போட்டு வெச்சிருக்கறன். அத மட்டும் வுட்டுடு. போர்டுக்கு உள்ளாறயே பொட்டியையும் செவுத்தையும் தொட்டுக்கிட்டு இருக்கட்டும்.

அது வழியா சத்தம் ஒழுவும்னு எனக்குத் தெரியாதாப்பா. அதுக்குத்தான சொல்றன். மத்த வூட்டுக்கு ஒண்ணும் கேக்காது, அந்தச் சேர்ல உக்காந்தா மட்டும் பாதி கேக்கும்.

அவளக் கையப் புடிச்சி அங்கயே கூட்டிக்கிட்டுப் போலாமேன்னு கேக்கற, அதுவும் சரிதான். போனா முழுசாக் கேப்பா. முழுசாக் கேட்டா நான் எதுக்கு? ஒண்ணுமே கேக்காமப் போனா, பாத்தனே இந்த மூணு வாரம், அப்பவும் நான் எதுக்குன்னுதான் ஆச்சி. பாதி கேட்டாத்தான், என்னங்க சொன்னான்னு எம்பக்கம் திரும்புவா. அந்தப் பாதி போதும்ப்பா எனக்கு.

கடுதாசி எழுதுனவன் மறுபடி எழுதுவானா? எழுத மாட்டான், அதுக்கு நான் பொறுப்பு. எடது கையால எழுதுனன், கை இன்னும் வலிக்குது. ஜெகதீசு அதயும் எங்கிட்டயே கொண்டாந்து காட்டி, இது யாரு எழுத்துன்னு தெரியுதா தாத்தான்னு கேட்டான். படிச்சவன் எழுத்து மாதிரி இருக்குதுன்னு சொன்னன்.

இந்தா சாவி. செருப்ப வெளியிலயே வுட்டுடு, உள்ள கார்ப்பெட்டு போட்டிருக்கறாங்க. வேலை முடிஞ்சதும் மொதல்ல என்ன படம் போட்டுப் பாக்கலாம்னு காலையில கேட்டுட்டுப் போனான். இங்கிலீசு படமாப் போடுன்னு சொல்லியிருக்கறன்.