அப்பா கடைசியாக வந்தது

— உன் ஃபோரத்துல பட்டன், மெனு எல்லாம் தமிழ்ல வருது. தேதியும் நேரமும் மட்டும் ஏன்டா இன்னும் இங்கிலீஷ்ல நிக்குது?

— அதெல்லாம் புரோகிராமுக்குள்ளயே எழுதி வச்சதுக்கா. தொட்டா மொத்த ஃபோரமும் படுத்துடும்.

— சும்மா அளக்காதே. அந்த வார்த்தையெல்லாம் வெளியில எடுத்து, தமிழும் எழுதிக் குடுத்துட்டேன். நீதான் ஏத்தாம இழுத்தடிக்கறே.

— லாரி ஓட்டுறவங்க பேசிக்கற இடம். தேதி எந்த பாஷையில இருந்தா என்ன?

— உன் முழியே சரியில்லையே. ஃபோரத்துல அப்பா பக்கத்தைத் திற.

— எதுக்கு?

— திறடா. "உங்கப்பா இப்பதான் உள்ள வந்துட்டுப் போனாராம், தம்பி பார்த்துச் சொன்னான்"னு அம்மா போன்ல பூரிச்சுப் போறா. சண்டை போட்டுட்டு லாரியை எடுத்துட்டுப் போன மனுஷன். பெத்த பொண்ணுக்கு ஒரு போன் கிடையாது, உன் ஃபோரத்துக்கு மட்டும் தினமும் வர்றாரா? அவர் எங்கேன்னு உனக்குத் தெரியும்.

— சத்தியமா தெரியாதுக்கா.

— அப்ப அவர் பேர்ல நீயே உள்ள நுழையறியா?

— ஐயோ, அந்த அளவுக்கு இல்ல.

— எந்த அளவுக்கு? தள்ளு, நான் பார்க்கறேன். "லாஸ்ட் சீன், ஃபோர் இயர்ஸ் அகோ." அடப்பாவி, வீட்டை விட்டுப் போன இந்த நாலு வருஷத்துல எட்டியே பார்க்கலையா?

— மெதுவா பேசு. அம்மா உள்ளதான் இருக்கா.

— எப்படிடா மனசு வந்தது?

— அம்மா சாப்பிடாம கிடந்தா, அக்கா. "இப்பதான்மா வந்தார்"னு ஒரே ஒரு தடவை சொன்னேன். எழுந்து வந்து சாப்பிட்டா. மறுநாளும் கேட்டா, நான் என்ன பண்றது? இங்கிலீஷ்ல இருக்கறவரைக்கும் நான் படிச்சுச் சொல்றதுதான். நீ தமிழாக்கிட்டா அவளே படிச்சுடுவா.

— அதானா விஷயம். உன்னைப் போய் என்னென்னமோ நினைச்சேன்.

— தமிழ்லயே போட்டுடுப்பா.

— அம்மா, நீ எப்ப வந்தே?

— எனக்கு அந்த எழுத்துதான் தெரியாது, நம்பருமா தெரியாது? ஒண்ணு இருந்தது, ரெண்டாச்சு, மூணாச்சு. போன மாசம் நாலு. ஒவ்வொரு தடவையும் அவர் கிளம்பிப் போன மாசத்துலதான் மாறுது.

— தெரிஞ்சுமாம்மா தினமும் என்னைக் கேட்டே?

— கேட்டாத்தானே நீ பக்கத்துல வந்து உட்கார்றே.