யாரும் வரவில்லை என்று நான் சொன்னது

பெயர், தகப்பனார் பெயர் முன் புகாரில் கண்டபடி. வயது அறுபத்தொன்று. தொழில் தேனீ வளர்ப்பு. குடியிருப்பு, சூரியகாந்தித் தோட்டத்தின் வேலியை ஒட்டிய ஓட்டு வீடு. யாருடைய வற்புறுத்தலும் இன்றி நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

என் மனைவி இறந்து பதினொரு மாதம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துப்போய், பிறகு யார் தட்டினாலும் கதவைத் திறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். கைப்பேசியையும் அணைத்து அலமாரியில் போட்டுவிட்டேன். பதினான்கு தேனீப் பெட்டிகள் இருந்தன. பேச்சுவார்த்தையெல்லாம் அவற்றோடுதான்.

தோட்டத்தில் மருந்தடிக்கும் தம்பி, மருந்தடிப்பதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவது வழக்கம். சொன்னால் மறுநாள் விடிவதற்குள் பெட்டிகளின் வாசலை வலையால் அடைத்து, மேலே ஈரச்சாக்குப் போட்டுவிடுவேன். போன பூப்பருவம் வரை அந்தச் சேதியைக் கேட்டு எனக்குச் சொன்னவள் என் மனைவி.

இம்மாதம் நான்காம் தேதி மாலை ஆறு மணியளவில் அவர் வந்து கதவைத் தட்டினார். “அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும்” என்று இரண்டு தடவை கூப்பிட்டார். நான் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் வெளியே கேட்கும் என்று எழுந்து அதை நிறுத்தினேன். சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மருந்தடிக்கும் எந்திரத்தின் சத்தம் கேட்டு ஓடினேன். அதற்குள் தேனீக்கள் பூவுக்குப் போயிருந்தன. திரும்பி வந்தவை வாசல் பலகையில் இறங்க முடியாமல் தரையில் விழுந்து, நாக்கை நீட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. உள்ளே போக முயன்றவற்றைக் காவல் தேனீக்கள் வெளியே தள்ளின. மதியத்துக்குள் ஒரு வாளி நிறையக் கூட்டி அள்ளினேன். விளக்குமாற்றில் ஒட்டியிருந்தவற்றுக்கு அப்போதும் இறக்கை துடித்தது. பதினொரு பெட்டிகள் போயின.

அதன் பிறகு ஆத்திரத்தில் இங்கு வந்து, தோட்டத்துச் சொந்தக்காரர்மீதும் மருந்தடித்த தம்பிமீதும் புகார் கொடுத்தேன். முன்கூட்டியே யாராவது சொன்னார்களா என்று கேட்டதற்கு, யாரும் வரவில்லை, நான் முழுநேரமும் வீட்டில்தான் இருந்தேன் என்றேன். தான் வந்ததாக அந்தத் தம்பி சொன்னதை யாரும் நம்பவில்லை. தோட்டத்துச் சொந்தக்காரர், சேதி சொல்லாதது அவன் குற்றம் என்று அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

இன்று காலை அந்தத் தம்பி வந்தார். கதவைத் தட்டவில்லை. நான் பெட்டிகளுக்கு நடுவே நிற்பதைப் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர், “அண்ணே, அன்னிக்கு நான் வந்தேன்ல? எல்லாரும் வரலைன்னு சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு” என்றார்.

“நீ வந்தப்பா. ரெண்டு தடவை கூப்பிட்ட. உள்ளதான் இருந்தேன்” என்றேன்.

இதை நிலையத்திலேயே வந்து சொல்லிவிடுகிறேன் என்றேன். பிறகு அவருடைய ஸ்கூட்டரில் இருவரும் இங்கு வந்தோம். இப்போது வெளியே பெஞ்சில் இருக்கிறார்.

பூத்திருக்கும்போது, தேனீ பறக்கிற காலை நேரத்தில் மருந்தடிக்கச் சொன்னவர் தோட்டத்துச் சொந்தக்காரர். அவர்மீது நான் கொடுத்த புகார் அப்படியே நிற்கட்டும். மருந்தடித்த தம்பிமீது குற்றமில்லை. யாரும் வரவில்லை என்று நான் முன்பு சொன்னது பொய்.

வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அன்னிக்கு ஒடம்பு சரியில்லையாண்ணே?” நல்லாத்தான் இருந்தேன் என்று சொல்ல வந்தேன். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)