கண்டேன் என்று எழுதிய வரி

இல்லம்மா, இதுலயும் இல்ல. கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துட்டேன். நீங்க சாப்பிடப் போகணும்னா போயிட்டு வாங்க, நான் ஒண்ணும் நூலகத்துப் புத்தகத்தைத் தூக்கிட்டு ஓடிட மாட்டேன். ஓடுற முட்டியா இது?

என்ன வரியா? லத்தீன்ல ரொம்பச் சின்னது. நம்ம பேச்சுல சொன்னா, நீ வர்ற வரைக்கும் என் நிழல் வாசப்படியில உக்காந்திருக்கும். அவ்வளவுதான். யாரோ பழைய கவிஞர் சொன்னதா என் வீட்டுக்காரி அவ எழுதின புத்தகத்துல போட்டிருந்தா. யாருன்னு போடல.

பதிப்பகத்துல எனக்கு அதாம்மா வேலை. ஒருத்தர் மேற்கோள் காட்டினா, மூல நூலை எடுத்து, எந்தப் பாட்டு, எத்தனாவது வரின்னு பாத்து, ஓரத்துல கண்டேன்னு பென்சில்ல எழுதணும். அகராதியில இருந்துச்சு, இன்னொருத்தர் சொன்னாரு, அந்தக் கதையெல்லாம் செல்லாது. கண்ணால பாத்தாத்தான் கண்டேன். முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவை பொய்யா எழுதினதில்ல. சரி, ஒரே ஒரு தடவை. அதுக்குத்தான் இப்ப உங்க உயிரை வாங்கிட்டிருக்கேன்.

அவ ஆஸ்பத்திரியில படுத்திருந்தா. எப்படியாவது அந்தப் புத்தகத்தை அச்சாக்கி அவ கையில கொடுத்துடணும்னு எனக்கு ஒரு வெறி. இருநூத்துப் பன்னெண்டு மேற்கோள்ல இது ஒண்ணுதான் தண்ணி காட்டுச்சு. காதல் பாட்டு, நாடகம், வக்கீலுங்க பேச்சு, கல்லறையில வெட்டினதுகூடப் பாத்தேன்.

அன்னைக்கு மத்தியானம் இந்த மாதிரி ஒரு மேசையிலதான் இருந்தேன். போன் பண்ணி, வாங்கன்னா. ஒரே ஒரு வரிதான் பாக்கி, முடிச்சுட்டு வந்துடறேன்னேன். நான் போறப்ப கட்டில்ல விரிப்பை மாத்திட்டிருந்தாங்க.

அதுக்கப்புறம் எனக்குக் கை ஓடல. கண்டேன்னு எழுதி அனுப்பிட்டேன். இப்ப என்னை நம்பி நாலு பேரு அவங்க புத்தகத்துல அந்த வரியைப் போட்டிருக்காங்க. கண்ணுல படுறப்பெல்லாம் புத்தகத்தை மூடி வெச்சுடறேன்.

வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதா? வேணாம்மா, இங்கயே பாக்கறேன். வீட்டுல இருக்கப் பயமா இருக்கு. சிரிக்காதீங்க. எட்டு வருஷமா நான் பின்கதவு வழியாத்தான் போறேன், வர்றேன். முன்வாசப் படியை மிதிக்கவே இல்ல. யாரோ நகந்து உக்காந்து எனக்கு வழி விடுற மாதிரி இருக்கு.

ஆங், அந்தப் போன்ல இன்னொண்ணும் சொன்னா. அது எந்தப் புத்தகத்துலயும் கிடைக்காது, நான்தான் எழுதினேன், உங்களுக்குத்தான் எழுதினேன், தேடாம வாங்கன்னா. என்னைக் கிளப்பறதுக்காகச் சும்மா சொல்றாளாக்கும்னு நெனச்சேன்.

எங்கயாவது கிடைச்சுட்டா, சும்மாதான் சொல்லியிருக்கான்னு ஆயிடும் பாருங்க.

அந்த மேல் தட்டுல, பச்சை அட்டை போட்டது, அதைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?