மூன்றாம் வீட்டுக்கு முதலில் சென்றவர்

தாம்பரத்தின் தாழ்ந்த தெருக்களையெல்லாம் தம் தலைமேல் தாங்கியவரே! ஐப்பசி பிறந்தால் அடுப்படி மறந்து அலுவலகமே அகமாய்க் கொண்டவரே! மழைநீர் வடிகால் பிரிவின் உதவிப் பொறியாளராய் இருந்து இன்று மாலையோடு ஓய்வுபெறும் எங்கள் பச்சையம்மா அக்காவே! வணக்கம்.

மகிழ்ச்சியில் எங்கள் உள்ளம் துள்ளுவதாக இம்மடல் தொடங்கியிருக்க வேண்டும். பொய் எழுத மனம் வரவில்லை. எங்களுக்குப் பயமாக இருக்கிறது. மழை தொடங்கும் மாதத்தில் பிறந்து, மழை தொடங்கும் மாதத்திலேயே ஓய்வும் பெறுகிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்? எங்கள் எல்லோரையும்விடப் பயம் சந்திரிகாவுக்குத்தான். நாளைமுதல் தங்கள் நாற்காலி அவருடையது. ஒரு வாரமாக டிபன் பாக்ஸைத் திறக்கிறார், பார்க்கிறார், மூடிவிடுகிறார். "இன்னாக்கா, உள்ள தேளா கீது?" என்று ஓட்டுநர் மோகன்ராஜ் கிண்டல் செய்தும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் தாங்கள் அறியாததன்று. நம்மிடம் இருப்பவை தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் இரண்டே இரண்டு. வானம் பொத்துக்கொண்டால் அழைப்பதோ ஊர் முழுவதும். எதை முதலில் காப்பது, எதைக் கைவிடுவது என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். இத்தனை காலம் அந்த வாய் தங்களுடையதாக இருந்ததால் நாங்கள் நிம்மதியாய்த் தூங்கினோம்.

சென்ற ஆண்டு மழையைச் சந்திரிகா இன்னும் மறக்கவில்லை. ஒரு மோட்டார் முதியோர் இல்லத்துக்கும் மற்றொன்று பிரசவ ஆஸ்பத்திரிக்கும் போயின. அடுக்குமாடிச் சங்கத் தலைவர் போனில் குதித்தபோது, "காரு நனைஞ்சா காயவெச்சிக்கலாம் சார், படுத்த படுக்கையா கீறவங்கள இன்னா பண்றது?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். ஆனால் செம்பாக்கத்து ஏரியோரத் தெருவில் பூவம்மாள் வீட்டிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தையல் தைத்துப் பிழைக்கும் அந்த அம்மாளுக்குத் தர மூன்றாவது மோட்டார் இல்லை. அவர் அழைத்தபோது போனை எடுக்காமல் இருந்திருக்கலாம். எங்களில் பலர் அதைத்தான் செய்திருப்போம். தாங்களோ சந்திரிகாவையும் இழுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அவர் வீட்டுக்கே போனீர்கள்.

"மோட்டார் இல்ல பூவம்மா. இன்னிக்கு வராது. மெஷின மாடிக்கு ஏத்திடலாம், வா."

"எங்க வூடு மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?" என்று அவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். தாங்கள் தையல் மெஷினின் ஒரு முனையைப் பிடித்தீர்கள். மறுமுனையைச் சந்திரிகா பிடித்தார்.

திரும்பும் வழியில், "நாம தப்பா முடிவு பண்ணிட்டோமாக்கா?" என்று சந்திரிகா கேட்டார்.

"தெர்லமா. ரெண்டுதான கீது. இல்லன்றதயாவது நேர்ல போயி சொல்லணும்."

கண்டிப்பும் கனிவும் கலந்தவர், கையூட்டுக்கும் கெஞ்சலுக்கும் கலங்காதவர் என்றெல்லாம் தங்களைப் புகழ எங்களிடம் சொற்கள் உண்டு. ஆனால் அந்தத் 'தெர்லமா'வை நினைத்தால்தான் சந்திரிகாவுக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது.

அச்சிட்ட மடல் இதோடு முடிகிறது. இனி வருவது சற்றுமுன் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, அடியில் கையால் எழுதிச் சேர்த்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மழை வலுத்தது. முதியோர் இல்லத்து வாசற்படிக்குத் தண்ணீர் வந்துவிட்டதாகத் தகவல். ஓய்வுபெறுபவரை மாலையும் கழுத்துமாய் அலுவலக வண்டியில் வீடுவரை கொண்டுபோய் விடுவது நம் வழக்கம். மாடம்பாக்கத்தில் தங்கள் வீட்டார் ஆரத்தித் தட்டோடு காத்திருக்கிறார்கள். மோட்டார் ஏற்றவும் அந்த ஒரு வண்டிதான். மற்ற வண்டி வடிகால் அடைப்பெடுக்கப் போய்விட்டது.

வண்டியில் கட்டியிருந்த சாமந்திச் சரத்தைச் சந்திரிகா தம் கையாலேயே அவிழ்த்தார். "தப்பு பண்றனா மோகன்?" என்று கேட்டார். "மோட்டார ஏத்தவா வேணாவா, அத சொல்லுக்கா மொதல்ல" என்றார் அவர். சந்திரிகா ஏற்றச் சொன்னார். வண்டி போய்விட்டது.

இதை யாரையாவது விட்டுத் தங்கள் காதில் போட்டிருக்கலாம். சந்திரிகா அதற்கு ஒப்பவில்லை. தங்கள் எதிரில் நின்று இம்மடலைத் தாமே படிக்கிறார். அக்கா, இன்று வண்டி வராது. அன்று பூவம்மாள் வீடு; இம்முறை மூன்றாவது வீடு தங்களுடையது.

நோய் நொடி அண்டாமல், பேரப்பிள்ளைகள் சூழ, மழை பெய்தால் போர்த்திக்கொண்டு உறங்கும் பேறு பெற்று நெடுங்காலம் தாங்கள் வாழ வேண்டும். குடைகள் எங்களிடம் இருக்கின்றன. பேருந்து நிறுத்தம் வரை எல்லோரும் வருகிறோம். கண்ணாடிச் சட்டம் போட்ட இந்த மடல் சற்றுக் கனம். ஒரு முனையைத் தாங்கள் பிடியுங்கள், மறுமுனையைச் சந்திரிகா பிடித்துக்கொள்வார்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
மழைநீர் வடிகால் பிரிவு ஊழியர்கள்,
தாம்பரம்